அப்பா கல்லூரிக்கு வந்த நாள்

ஆம்பூருக்கு வந்தபோது எனக்கு நடக்கத் தெரியும், பேச்சு இன்னும் வரவில்லை என்று அம்மா சொல்வாள். பீகாரில் ஒரு கிராமத்திலிருந்து அப்பா முதலில் தனியாகத் தோல் பதனிடும் டேனரி வேலைக்கு வந்தார். பிறகு எங்களை அழைத்துக்கொண்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உருது, பாதி வீடுகளில் தமிழ். பக்கத்து வீட்டு உருதுக்கார அக்காவோடு கடைகளுக்குப் போய்ப் போய் அம்மா ஊரைப் பழகிக்கொண்டாள். நான் தமிழ் மீடியத்தில் படித்தேன். பள்ளியில் யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்டதில்லை. எந்தத் தெரு என்றுதான் கேட்பார்கள்.

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பு மேடம் வருகைப்பதிவு எடுத்தபோது என் பெயரோடு ஒட்டியிருந்த குடும்பப் பெயரில் சற்றுத் தடுமாறி, இரண்டாம் முறை நிறுத்தி வாசித்தார். நான் எழுந்து நின்று, ஆம்பூரிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். பின்வரிசையில் குடியாத்தத்துப் பையன் ஒருவன், “தமிள் நல்லா பேசுறான்” என்றான், வடக்கத்தியர் பேசுவதுபோல் குரலை மாற்றி, பெண்ணான என்னை ஆணாக்கி. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். மத்தியானத்துக்குள் எனக்குப் பானிபூரி என்று பெயர் வந்துவிட்டது.

பெயர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அது பெயரோடு நிற்கவில்லை. ரயிலில் ரிசர்வேஷன் பெட்டிக்குள் கூட்டம் ஏறுகிற வீடியோ எங்கே வந்தாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு என்னைக் கேட்பார்கள்: உங்க ஆளுங்க டிக்கெட்டே எடுக்க மாட்டாங்களா? எங்கோ ஒரு திருட்டு நடந்தால், அதற்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் எழுதினேன். பிறகு குழுவைத் திறந்து பார்ப்பதையே விட்டேன். திறக்காவிட்டாலும் வகுப்பில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மாதனூர்ப் பெண். அவள் அம்மா கம்பெனி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர். எனக்காக அவள் சண்டை போடுவாள். போட்டதற்கு அவளுக்கும் இந்திக்காரி என்ற பட்டம் கிடைத்தது.

முதல் வருடப் பரீட்சையன்று ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் அப்பாவுக்குச் சொல்ல, அவர் வேலையிலிருந்து அப்படியே வீட்டுக்கு வந்து அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். ரப்பர் பூட்ஸ், சாயம் ஏறிய சட்டை, நகக்கண்களில் நீலம். வாசலில் வாட்ச்மேன் நிறுத்திக் கேட்டபோது அப்பா தனக்குத் தெரிந்த தமிழில், “நம்ம பொண்ணு இங்க படிக்கிறான் சார். பரீட்சை எழுதுறான்” என்றார். காகிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். நன்றாக எழுது என்று எங்கள் மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

பைக் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்த குடியாத்தத்துப் பையன் அதைப் படம் பிடித்திருந்தான். அப்பா பேசியதைத் திரும்பத் திரும்ப வரும்படி வெட்டி ஒட்டி, கோமாளி இசை சேர்த்து, “பொண்ணு படிக்கிறான்” என்று தலைப்பும் போட்டுக் குழுவில் விட்டான். அன்றிலிருந்து நான் வகுப்புக்குள் நுழைந்தால், “வந்துட்டான்” என்பார்கள். எழுந்தால், “எழுந்துட்டான்.”

சில நாள் கழித்து சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் டீயைக்கூடத் தொடாமல் எங்களைக் கூப்பிட்டார். டேனரி வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த வீடியோவைப் போட்டிருந்தார்கள். “பாரு, உங்க காலேஜ்ல என்னைப் படம் புடிச்சுப் போட்டிருக்காங்க” என்றார். அம்மா முகத்தைப் போனுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் இருக்கும் மாமாவுக்கு உடனே அனுப்பச் சொன்னாள். அப்பா அனுப்பினார். பிறகு கீழே வரிசையாக வந்திருந்ததைக் காட்டி, “ஏன் இவ்வளவு சிரிக்கிற பொம்மை போட்டிருக்காங்க?” என்று கேட்டார்.

“சந்தோஷத்துல” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு எதுவுமே புரியவில்லையா, புரிந்துகொண்டுதான் என்னிடம் அப்படிக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியவில்லை.

மாதனூர்க்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புகார்களை விசாரிக்கும் கமிட்டியில் இருந்த மேடத்திடம் போனாள். நல்ல மேடம். முழுக்கக் கேட்டார். அந்தக் குடியாத்தத்துப் பையனைக் கூப்பிட்டு என் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவனும் கேட்டான். போனில் இருந்த வீடியோவை அழித்துக் காட்டினான். அது வேறு எத்தனையோ போன்களில் இருந்தது. போகச் சொன்ன பிறகும் அவன் போகாமல் நின்றான்.

“எங்க அண்ணன் ஷூ கம்பெனில தோல் கட்டிங்ல இருந்தான் மேடம். ஆள் ஜாஸ்தின்னு நிறுத்திட்டு இவங்க ஆளுங்கள கம்மி சம்பளத்துக்கு வச்சிக்கினாங்க. அத நான் யார்கிட்ட சொல்றது?”

அவன் அண்ணனை என் அப்பா நிறுத்தவில்லை. ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவன் கண் கலங்கியிருந்தது. கோபப்படத்தான் வந்திருந்தேன். அதுவும் கையைவிட்டுப் போய்விட்டது.

அதற்குப் பிறகு கல்லூரியில் ஒற்றுமை விழா நடத்தினார்கள். என்னை என் ஊர் உடையில் வரச் சொன்னார்கள். அம்மா வீட்டில் நைட்டி, வெளியே போனால் ஆம்பூர் பஜாரில் எடுத்த புடவை. கடைசியில் வேலூரில் நாட்டிய உடை வாடகைக்கு விடும் கடையில் கண்ணாடி வைத்துத் தைத்த பாவாடை ஒன்றை எடுத்தோம். இதை எந்த ஊரில் கட்டுகிறார்கள் என்று அம்மா என்னைக் கேட்டாள். வரவேற்புரையைத் தமிழில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கமிட்டி மேடம் வாங்கிப் பார்த்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்: “தமிழ்லதான் எல்லாரும் பேசுறாங்களேம்மா. நீ இந்தியில பேசு.” பேசினேன். யாருக்கும் புரியவில்லை, பலத்த கைதட்டல். நம் கல்லூரியில் எந்த வேற்றுமையும் கிடையாது என்று முதல்வர் பேசினார். கண்ணாடிகள் குத்திக்கொண்டிருந்ததால் நான் நேராக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் வருடம் என்னை விட்டுவிட்டார்கள். யாரும் திருந்திவிடவில்லை. ஏலகிரியிலிருந்து ஒரு பெண் முதல் வருடத்தில் சேர்ந்திருந்தாள். மலையில் பேசுகிற பேச்சு அவளுடையது. பேசும்போது கொஞ்சம் திக்கும். அவள் வாயைத் திறந்தால் மூன்றாம் வருடத்திலிருந்து முதல் வருடம் வரை எல்லோரும் அவளைப்போலவே பேசிக் காட்டினார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே பேசினாள். திக்கித் திக்கி, ஆனால் முடிவோடு.

“அக்கா, கூட ஒக்காராதீங்க. ரெண்டு பேரையும் சேத்துப் புடிச்சிப்பாங்க.”

நான் எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கமிட்டி மேடத்திடம் தனியாகச் சொன்னேன். அவர் பேசுவதாகச் சொன்னார், வகுப்பில் பேசவும் செய்தார். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை. மேடம் போன் செய்து பார்த்தார், நாட் ரீச்சபிள். மலையில் அடிக்கடி அப்படித்தான் என்றார்கள்.

நான் படிப்பை முடித்தேன். பட்டமளிப்புக்கு அம்மா வந்தாள். அப்பா ஷிப்ட் என்று சொல்லிவிட்டார். மாதனூர்க்காரியின் அம்மாதான் அவளையும் என்னையும் என் அம்மாவையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆம்பூரிலேயே பிறந்த என் தங்கை இந்த வருடம் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். வாயாடி. தெருவில் உருதும் தமிழும் கலந்து எல்லோரையும் கலாட்டா செய்பவள். என் கல்லூரியிலேயே சேரப்போகிறேன், ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்கிறாள்.

“அக்கா, உங்க காலேஜ் ஜாலியா இருக்குமா?” என்று நேற்று சாப்பிடும்போது கேட்டாள்.

அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். வேறு கல்லூரிக்குப் போ என்று சொல்லலாம். எந்தக் கல்லூரிக்கு என்று சொல்வது? பஸ் வசதி நல்லாத்தான் இருக்கும் என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.