சோற்றுக்குக் கட்டமில்லாத நோட்டு

என் வயிறு சாப்பாட்டைக் கீழே அனுப்பாது. காலையில் தின்ற இட்லி மத்தியானம் நான் கணக்குப் பாடம் நடத்தும்போது வாய் வரைக்கும் வந்து நிற்கும். எட்டு வருஷமாக இதே கதை. இரைப்பை மெதுவாகக் காலியாகும் வியாதி என்று பெயர் சொல்லப் பல டாக்டர்கள் இருந்தார்கள். மருந்து சொல்ல ஆள் இல்லை. தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள் என்றதும், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி முதல் ஆளாகப் போய் நின்றேன்.

ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். குமட்டல், வாந்தி, உப்புசம், வலி என்று நாலு கட்டம். தினமும் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும்; தொல்லை கூடினால் மார்க்கும் கூடும். முதல் இரண்டு வாரம் நோட்டு மட்டும். அப்புறம் பன்னிரண்டு வாரம் மாத்திரை. அது நிஜ மாத்திரையா, வெறும் மாவு மாத்திரையா என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். முடிவில் யாருக்கு முதல் இரண்டு வாரத்தைவிட மார்க் நன்றாகக் குறைந்திருக்கிறதோ, அவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் நிஜ மாத்திரை. எனக்கு அந்த ஒரு வருஷம்தான் வேண்டியிருந்தது.

அந்த முதல் இரண்டு வாரத்தில்தான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். வயிறு படுத்தினால் எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே வைத்தியம் பட்டினி. "லங்கணம் பரம ஔஷதம். பேசாம வயித்தைக் காயப்போடு" என்பார் என் கணவர், மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே. பள்ளிக்கூட நாட்களில், பிள்ளைகள் முன்னால் வாந்தி எடுக்கக் கூடாது என்று மோர் மட்டும். நடுவில் ஏகாதசி வந்தது. அன்றைக்கு அதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கஞ்சி. சாப்பிடாதவளுக்கு வாந்தி எங்கிருந்து வரும்? குமட்டல் இரண்டு, வாந்தி ஒன்று என்று யோக்கியமாக எழுதினேன். பரிசோதனையில் சேர்த்துக்கொள்ள அது மட்டுமட்டாகப் போதுமானதாக இருந்தது.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் பசித்தது. பசி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ரசம் சாதம் சாப்பிட்டேன், தங்கியது. அடுத்த வாரம் வத்தக்குழம்பு. முக்கொம்புக்குப் பிக்னிக் போன அன்று புளியோதரையை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். பேராசைதான், ஒத்துக்கொள்கிறேன். வயிறு உப்பியது, குமட்டியது, சில நாள் வாந்தியும் வந்தது. அதையும் யோக்கியமாக எழுதினேன். சாப்பிடுகிற மனுஷிக்கு வருகிற உப்புசம் அது. எனக்கு அதில் சந்தோஷம்கூட.

கடைசி நாள் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு இந்த மருந்து வேலை செய்யலைங்க. மார்க் குறையவே இல்லை. கொஞ்சம் ஏறியிருக்கு."

"இப்ப சாப்பிடறேன் சார். முன்னாடி சாப்பிடவே இல்லை."

"அதுக்கு நோட்டுல கட்டம் இல்லையேம்மா."

"ஏன் இல்லை?"

நோட்டு வெளிநாட்டில் தயாரானதாம். எல்லா ஊருக்கும் ஒன்றுதானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் எதிரே வருகிறவர்கள்கூட "சாப்பிட்டாச்சா" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். வயிற்று வியாதிக்கு மருந்து கொடுக்கிற இவர்களில் ஒருத்தருக்குக்கூட, பதினாலு வாரத்தில் ஒரு தடவைகூட, அதைக் கேட்கத் தோன்றவில்லை. என் வகுப்பில் யாராவது இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் நோட்டை முகத்துக்கு நேரே நீட்டித் திரும்பப் போடச் சொல்லியிருப்பேன்.

"நீங்க சாப்பிட்டது மாவு மாத்திரையாக்கூட இருக்கலாம்" என்றார்.

"மாவாவே இருக்கட்டும் சார். அதையே கொடுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிஜ மாத்திரையாக இருந்தால், என்னைச் சாப்பிட வைத்த மருந்துக்கு எதிராக என் கையாலேயே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னைப் போல எங்கோ மோரைக் குடித்துக்கொண்டு கிடக்கிறவளுக்கும் அது கிடைக்காமல் போகலாம்.

வெளியே இருந்த நர்ஸ் பெண் மிச்ச மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, கடைசிப் பாரத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே "பத்து வாரம் சோறு சாப்பிட்டேன்" என்று எழுதினேன்.

"மேடம், பாரத்துல வேற எதுவும் எழுதக் கூடாதுங்க" என்று பதறி, புதுப் பாரம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதிலும் எழுதினேன்.