ரயில் ஜன்னலில் உலர்த்திய புடவை

விழுப்புரம் வருவதற்குள் ரயிலில் மகள் என் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். திண்டிவனத்தில் நாத்தனாரின் வளைகாப்புக்காக உடுத்தியிருந்த கைத்தறிப் புடவை அது. விழுப்புரத்தில் வண்டி நெடுநேரம் நின்றதால் வேறு புடவைக்கு மாறி, அழுக்கானதை ஸ்டேஷன் குழாயில் அலசினேன். ஈரத்தோடு மடித்தால் கரையின் சாயம் இறங்கிவிடுமே என்று, வண்டி கிளம்பியதும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு புடவையை ஜன்னலுக்கு வெளியே பறக்கவிட்டேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் காற்று வலுத்தது. புடவை கையை விட்டு நழுவி, பின்னால் படியில் நின்றிருந்த மல்லாட்டைக் கடலை விற்பவரின் முகத்தில் சுற்றிக்கொண்டது. கண் தெரியாமல் அவர் கம்பியை விட்டுவிட்டார். பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்ததால் பிழைத்தார்.

அந்த நேரத்தில் நான் கத்தியது இதுதான்: "ஐயோ, புடவை! விட்டுடாதீங்க!"

அவர் புடவையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "நான் கீழ உழப் பாத்தேன். நீ பொடவை பொடவைன்னு கூவிக்கினு இருக்கியேம்மா!"

பெட்டியே என்னைப் பார்த்தது. என் மகளும் பார்த்தாள்.

இப்போதெல்லாம் வெளியூரில் அலசிய புடவையைக் காய்ந்த துண்டில் சுருட்டி, அழுத்திப் பிழிந்து, அரை ஈரத்தோடே கட்டிக்கொள்கிறேன். அன்றைய புடவையில் ஒரு கிழிசல்கூட இல்லை. அதை மட்டும் இன்னும் கட்ட மனம் வரவில்லை.