மோடத்தையும் நம்பாதவர்

யார் யாருக்கு உளவு சொல்கிறார் என்று தெரியாத யுத்த காலத்து வவுனியாவில், கணினி திருத்தும் கடையொன்றில் என்னைவிட மூத்தவர் ஒருவர் என்னோடு வேலை செய்தார். "பின்னால இடம் இருக்கு" என்று கொண்டக்டர் கூவினாலும் எட்டிப் பார்த்த பிறகே பஸ்ஸில் ஏறுவார்.

மோடத்தை இயக்க நான் எழுதிய டிரைவர் நிரலை ஒருநாள் பார்த்தார். தரவுகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்சரின் கடைசியில், வரும் தரவை வரிசையாகப் போட நீளம் குறிக்காத அரே. எவ்வளவு தரவு வருகிறதென்று மோடம் சொல்கிறதோ, அந்த அளவுக்கு அது நிரம்பும்.

"நீர் ஒதுக்கின இடத்தைவிட மோடம் கூடச் சொன்னால்?"

"மோடம் ஏன் அண்ணை பொய் சொல்லப்போகுது?"

"சொல்லாது எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

ஒதுக்கிய அளவையும் ஸ்ட்ரக்சருக்குள் எழுதி, அதைத் தாண்டினால் மறுக்கும்படி மாற்றினேன். பிறகு பழுதான மோடம் ஒன்று அளவைக் கூட்டிச் சொன்னபோது நிரல் அதை மறுத்ததால் கணினி முடங்காமல் தப்பியது. சந்தோஷத்தில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "அண்ணை எந்த ஊர்?" என்றேன்.

குடிக்காமலே கோப்பையை வைத்தார். "ஆர் கேக்கச் சொன்னது?"

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. ஒருவரும் கேட்கச் சொல்லவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபித்திருப்பேன்?