எதிர்த்தாக்குதல் எப்போது, ஒதார்கா டீச்சர்?

ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த 2023 மார்ச்சில் எங்கள் ஊர் கோசாரிவ்காவின் பழைய டிராக்டர் ஷெட்டுக்கு ஒரு கவச வண்டி வந்து சேர்ந்தது. வெளிநாட்டு நன்கொடை. எட்டுச் சக்கரம், புதுப் பச்சை பெயிண்ட், ஜெர்மன் மொழியில் நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேடு. எல்லாம் இருந்தது, வண்டி மட்டும் கிளம்பவில்லை.

ஷெட் சார்ஜென்ட் பனாஸின் பொறுப்பில் இருந்தது. போருக்கு முன்பு அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன். எந்தப் பழைய எஞ்சினையும் சுத்தியலால் தட்டியே ஓட்டிவிடுவான். இதைத் தட்டினால் திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வாக்கியம் வந்தது. கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தான். ‘உங்கள் பின்புறம் மனம் திறந்துள்ளது’ என்றது அது. வேறு வழியில்லாமல் ஒதார்கா பெத்ரிவ்னாவின் வீட்டுக்குப் போனான்.

ஒதார்கா எங்கள் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் ஜெர்மன் நடத்தி ஓய்வு பெற்றவர். அங்கே கணக்கு வாத்தியாரான எனக்கே அவரைக் கண்டால் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்க்கத் தோன்றும். பனாஸை எட்டாம் வகுப்பில் இரண்டு முறை ஃபெயிலாக்கியவர்.

“டீச்சர், ஒரு உதவி வேணும்...”

“அதை ஜெர்மன்ல கேளு.”

“டீச்சர், போர் நடக்குது!”

“அதுக்காக வினைச்சொல் எடம் மாறிடுமா?”

ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். திரையைப் படித்தார். பின்கதவு சரியாகச் சாத்தவில்லை, ஓட்டுநர் பெல்ட் போடவில்லை என்று எழுதியிருந்தது.

“பெல்ட்டா? மேல குண்டு விழறப்ப பெல்ட்டா?”

“போடுடா.”

போட்டான். கதவைச் சாத்தினார்கள். எஞ்சின் உறுமியது.

அன்றிலிருந்து, ரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, ஒதார்கா தினமும் ஷெட்டுக்குப் போய்க் கையேட்டை மொழிபெயர்த்தார். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அந்த வசந்தத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு, எதிர்த்தாக்குதல். டாங்கி வந்தால் தெற்கே கடல் வரை போய்விடலாம், குண்டு வந்தால் போய்விடலாம், விமானம் வந்தால் போயே விடலாம் என்று தொலைக்காட்சியில் வரைபடத்தின் முன்னால் நின்று சொன்னார்கள். எது வந்தது, எது வரவில்லை என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் ஒதார்காதான். அவரோ வாயைத் திறக்கமாட்டார். அதனால் ஊர் அவருடைய பையைப் படிக்கத் தொடங்கியது.

மளிகைக் கடை உஸ்தினாவிடம் ஒருநாள் நாற்பது ஊறுகாய் ஜாடி மூடி கேட்டார்.

“இப்பவே எதுக்கு டீச்சர்? எப்பவும் ஜூலைலதானே வாங்குவீங்க?”

“ஜூலைல எனக்கு நேரம் இருக்காதும்மா.”

கையேட்டின் இரண்டாம் பாகம் வரப்போவதை நினைத்துச் சொன்னார். சாயங்காலத்துக்குள் எதிர்த்தாக்குதல் ஜூலையில் என்று ஊரே முடிவு செய்தது. மறுநாள் நாற்பது மூடி நாற்பது டாங்கியாகிவிட்டது. தேனீ வளர்ப்பவர் பெட்டிகளை வடக்கே அனுப்பினார். என்னைச் சொல்லவேண்டுமென்றால், நாற்பதை மூன்று படைப்பிரிவுக்குப் பகிர்ந்து, மிச்சம் ஒன்று எங்கே போகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ராணுவப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கேப்டன் நெஸ்தோர் அவர் வீட்டுக்கே விசாரிக்க வந்துவிட்டார்.

“மேடம், தாக்குதல் தேதிய வெளியே சொல்லிட்டீங்களாமே?”

“நான் மூடி வாங்கினேன்.”

“எத்தனை?”

“நாப்பது.”

கேப்டன் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உள்ளதச் சொல்லுங்க மேடம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.”

“தெரியும். நூத்தி எழுபதாம் பக்கம். இந்த வண்டிக்கு வருஷத்துல நாலு ஃபில்டர் மாத்தணும். அனுப்பினது ஒண்ணு. அந்த ஒண்ணு எவ்வளவு தூரம் இழுக்குதோ, அவ்வளவு தூரம் நாம போவோம்.”

கேப்டன் குறிப்பேட்டை மூடினார். “இதையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார்.

எதிர்த்தாக்குதல் ஜூலை வரை காத்திருக்கவில்லை; ஜூனிலேயே தொடங்கியது. எட்டுச் சக்கர வண்டி போனது. பதினைந்தாம் நாள் ஐந்து சக்கரத்தோடு கட்டி இழுத்து வரப்பட்டது. கண்ணிவெடி. உள்ளே இருந்த ஒன்பது பேரும் உயிரோடு வந்தார்கள். ஓட்டுநர் இறங்கியதும் நேராக ஒதார்காவிடம் வந்து, “பெல்ட் போட்டிருந்தோம் டீச்சர்” என்றான். அவர் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். தூசி என்றார்.

புதுச் சக்கரம் கேட்டு அவர்தான் வெளிநாட்டுக்கு எழுதினார். பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. பழுதுக்குக் காரணம் என்ன? இரண்டே கட்டம்: ‘சாதாரணத் தேய்மானம்’, ‘தவறான பயன்பாடு’. ஒதார்கா ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, ‘கண்ணிவெடி’ என்று எழுதி டிக் அடித்தார். கூடவே படிவத்தில் இருந்த இரண்டு இலக்கணப் பிழைகளையும் திருத்தி அனுப்பினார்.

சக்கரம் அக்டோபரில் வந்தது. அதற்குள் மழை பிடித்து வயலெல்லாம் சேறு. நாலு மாதத்தில் போர்முனை சில கிலோமீட்டர்தான் நகர்ந்திருந்தது. உஸ்தினா கடையில் யாரும் தேதி கேட்பதில்லை.

ஒதார்காவின் தங்கை யாவ்தோகா மட்டும் கேட்டாள். அவள் இருந்தது தோக்மாக்கில். ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் ரஷ்யப் படையின் பிடியில். ஒட்டுக்கேட்பார்கள் என்பதால் தொலைபேசியில் மறைத்துத்தான் பேசுவாள்.

“அக்கா, விருந்தாளிங்க வர்றாங்களா, இல்லையா? வசந்தத்துலேர்ந்து பெருக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கேன்.”

“கிளம்பிட்டாங்கடி. வழியில செருப்பு பிஞ்சிடுச்சு. புதுசு கேட்டு எழுதினேன், இப்பதான் வந்திருக்கு. மழை விடட்டும்.”

“எனக்கு அறுபது ஆகப்போகுது. நீ செருப்புக்கு லெட்டர் எழுதிட்டே இரு!” என்று வைத்துவிட்டாள்.

அதன்பின் ஆறு வாரம் அவளிடமிருந்து பேச்சே இல்லை. ஒதார்கா ஷெட்டில் ஒரே பக்கத்தை மூன்று முறை மொழிபெயர்த்தார். பனாஸ் அதைக் கவனித்தான், ஒரு கோப்பைத் தேநீரை அவர் பக்கத்தில் வைத்தான்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் யாவ்தோகா இறங்கினாள். நேர்வழியைப் போர்முனை அடைத்திருந்ததால் ரஷ்யா, லாட்வியா, லித்துவேனியா, போலந்து என்று சுற்றிக்கொண்டு பதினோரு நாள் பயணம், ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க. ஒதார்கா செருப்பில்லாமல் காலுறையோடு பனியில் ஓடினார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அரைமணி நேரத்தில் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது. போர்ஷ் சூப்பில் பீன்ஸ் போட்டது யார் என்று. அதற்குள் ஊரே வீட்டுக்குள் வந்திருந்தது. உஸ்தினாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “நம்மாளுங்க எப்ப வந்து சேருவாங்கன்னு தோக்மாக்ல பேசிக்கிறாங்க?”

யாவ்தோகா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதைத்தான் இங்க கேட்டுச் சொல்லச் சொன்னாங்க.”