ஜினியாவும் அப்பாவின் லாரியும்

அரியலூரில் எதன் மேல் வெள்ளையாக எது படிந்தாலும் பழி லாரி மேல்தான் விழும். எங்கள் வீட்டில் அந்த லாரியை ஓட்டியவரே அப்பாதான். சுண்ணாம்புக்கல் இறக்கிவிட்டு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். ஆகவே அம்மாவின் ஜினியாப் பூச்செடி இலைகளில் வெள்ளை படர்ந்தபோது குற்றவாளியைத் தேடி யாரும் தெருவுக்குப் போகவில்லை.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு லாரிக்கு மாலை எங்கள் வீட்டுப் பூவில்தான் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். விதைத்ததெல்லாம் முளைத்துவிட, ஒன்றைக்கூடப் பிடுங்க மனசு வராமல் அத்தனையையும் வளரவிட்டாள். மொட்டு விடும் நேரத்தில்தான் இந்த வெள்ளை. அப்பா அன்றிலிருந்து லாரியை ஏரிக்கரையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். ராத்திரிதான் வீடு வந்து சேரும் மனிதர், பொழுது சாய்வதற்குள் வந்து இலை இலையாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். நானும் கூடவே குழாயைப் பிடித்துக்கொண்டு, பாதித் தண்ணீரை என் மேல் விட்டுக்கொண்டு ஆனந்தமாகத் திரிந்தேன். வெள்ளை குறையவில்லை, போதாததற்குப் பழுப்புப் புள்ளிகளும் வந்தன. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் செட்டிகுளத்திலிருந்து அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. தம்பி மேல் பழி என்றதும் பஸ்ஸில் வந்த களைப்பெல்லாம் பறந்துவிட்டது. நேராகச் செடியிடம் போய்ப் பார்த்தார்.

"எதுக்கெடுத்தாலும் எந்தம்பியவே சொல்லாத. தூசுன்னா பக்கத்துல நிக்கிற குரோட்டன்ஸ் மேல வுழுவாதா? இது சாம்பல் நோய். எங்க உளுந்துலயும் இப்படித்தான் வரும்."

நெருக்கமாக நின்ற செடிகளில் சிலவற்றைப் பிடுங்கி இடைவெளி விட்டு, கெட்ட இலைகளைக் கிள்ளி எரிக்கச் சொன்னார். ராத்திரி முழுக்க இலை ஈரமாக நின்றதில்தான் புள்ளி விழுந்ததாம். இனி காலையில், வேருக்கு மட்டும் தண்ணீர். உரக்கடையில் வாங்கிய கந்தகத் தூளைக் கரைத்து, வெயில் ஏறுமுன் அப்பா தெளித்தார். புதுத் துளிர் பச்சையாகவே வந்தது. ஆயுதபூஜையன்று லாரி மாப்பிள்ளை மாதிரி நின்றது.

விடுதலையான லாரி வாசலுக்கே திரும்பிவிட்டது. ஆனாலும் அம்மா தினமும் காலையில் அப்பாவைக் கூப்பிடுவாள்.

"ஏங்க, இந்த இலையில வெள்ளையா இருக்குற மாதிரி இருக்கு. வந்து பாருங்க."

அப்பா டீ டம்ளரோடு வந்து, அம்மா பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்ப்பார். வண்டி கிளம்ப நேரமாகும். நானும் குனிந்து பார்ப்பேன். இலை சுத்தமாக இருக்கும். இரண்டு பேருக்கும் கண் சரியில்லை என்று கவலைப்பட்டு அத்தைக்கு போன் போட்டுச் சொன்னேன். அத்தை ஏன் அப்படிச் சிரித்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.