சுமைதாங்கியும் மூன்றாவது பஸ்ஸும்

கொச்சியோடு திருவிதாங்கூர் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் நாகர்கோவிலில் மராமத்து இலாகாவில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். பக்கத்தில் கொட்டாரம் என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் இருந்த ஓட்டுக் கொட்டகை ஜனங்களுக்குப் போதவில்லை. அதை நீட்டி, மூன்று பஸ் உள்ளே வந்து திரும்புகிற மாதிரி வரைந்து தரச் சொன்னார்கள். 'கோடு போட்டால் ரோடு போட்டுவிடுவான்' என்று எஞ்சினியர் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

இரண்டு நாள் அளந்தேன். ஒரே வரிசையில் தூண்கள், சிமெண்ட் பெஞ்சு, டிக்கெட்டுக்குத் தனி ஜன்னல், சாரல் உள்ளே வராதபடி இறக்கிய தாழ்வாரம். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. மூன்றாவது பஸ் திரும்ப வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை அதில் சரித்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். 'பின்புறம் மாற்றவும்' என்று படத்தில் எழுதினேன்.

கல்லைப் பெயர்க்கிற அன்று பக்கத்து வயல்காரர் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"எம் பெஞ்சாதிக்கு வச்ச கல்லாக்கும் சாரே. நெறமாசத்துல போயிட்டா."

வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. பிள்ளைத்தாச்சியாகச் செத்தவள் சுமையோடு போனவள். வழிப்போக்கர் சுமையை இறக்க இறக்க, அவள் சுமையும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரிந்தும், "கல்லை ஒடைக்கல்லியே, பின்னால பத்திரமா இருக்கும்" என்றேன்.

"பத்திரமா இருந்து என்னத்துக்கு? ஆளு வந்து எறக்கணும்லா."

நான் எரிச்சலோடு அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

கட்டிடம் முடிந்ததும் குறைநிறை பார்க்க ஒரு சாயங்காலம் போனேன். தூண் வரிசையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அப்படியே பின்பக்கம் போனேன். எருக்கஞ்செடிக்கு நடுவே அந்த வயல்காரர் மட்டும் இருந்தார். தலையில் இருந்த எருக்கூடையைக் கல்லில் சரித்தார். கொஞ்சம் நின்றார். தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தார். திரும்பி வந்து மறுபடியும் இறக்கினார். வேறு யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதால், எல்லோருக்கும் சேர்த்து அவரே இறக்கிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

படத்தைத் திருத்தினேன். சுமைதாங்கி பழைய இடத்துக்கே.

"அப்போ மூணாவது பஸ் எங்க நிக்கும்?" என்றார் எஞ்சினியர்.

"ரோட்டுல நிக்கும் சார்."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ரோடு போடுகிற பாராட்டு எனக்கு அத்தோடு நின்றது.

கல்லை நட்ட மறுநாள் காலை வயல்காரர் எதிர்க்கடை ஓரமாக நின்றிருந்தார். நானும் போய் நின்றேன். மூன்றாவது பஸ் வந்து ரோட்டிலேயே நின்றது. கடற்கரையிலிருந்து நடந்து வந்த மீன்காரி ஒருத்தி நேராகக் கல்லுக்குப் போய்த் தலையில் இருந்த மீன் கடவத்தைச் சரித்து வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எறக்கிட்டா சாரே" என்றார்.