கணவர் சொல்லாத பட்டன்

மூன்று மாதமாக எங்கள் புது எலெக்ட்ரிக் காரில்தான் ஏனாத்தூர் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகிறேன். எவ்வளவு மிதித்தாலும் மெதுவாகத்தான் வேகம் எடுக்கும்.

கேட்டால் என் கணவர், "புது வண்டி அப்படித்தாம்மா இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்பார். நம்பினேன்.

இன்று காலை ஒரு ஷேர் ஆட்டோ எங்களை முந்தியது. உள்ளேயிருந்து என் மாணவிகள் கையசைத்தார்கள். அவமானம்.

பக்கத்தில் இருந்த சக ஆசிரியை ஷாஹினா, "ஏன்பா ஈகோ மோட்லயே ஓட்டிக்கினு இருக்கற?" என்றாள்.

"அப்படின்னா?"

"பேட்டரி மிச்சமாவும், ஆனா வண்டி நிதானமாத்தான் கிளம்பும். ஸ்போர்ட்ல போட்டுப் பாரு." பட்டனை அவளே அமுக்கினாள்.

வழக்கம்போல மிதித்தேன். கார் பாய்ந்தது. ஷாஹினாவின் டிபன் பாக்ஸ் பின்சீட்டுக்குப் பறந்தது. "யா அல்லா!" என்று அவளும் "காமாட்சி!" என்று நானும் கத்திக்கொண்டே ஆட்டோவைத் தாண்டினோம்.

சாயங்காலம் கணவரைப் பிடித்தேன்.

"உன் நல்லதுக்குத்தாம்மா ஈகோல வெச்சேன்."

"நீங்க ஓட்டும்போது?"

"அது... ஸ்போர்ட்தான்."

"சரி, ஏறுங்க."

சின்ன காஞ்சிபுரம் வரை ஸ்போர்ட்டிலேயே நானே ஓட்டிக் கூட்டிப்போனேன். திரும்பும்போது அவர் பஸ்ஸில் வந்தார்.

உங்கள் வீட்டில் எந்தப் பட்டனை மறைத்து வைத்திருக்கிறார்கள்?